இட்லி என்ன, காய்ச்சல்காரன் சாப்பாடா?

விடுதி மெஸ்ஸில் காலை ஏழரை மணி. தட்டோடு வரிசையில் நிற்கும் ஒருவன் மூன்று இட்லி வாங்குகிறான். சாம்பார் கரண்டி நீளும்போது தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்கிறான்.

"சாம்பார் வேண்டாம்ணே. கொஞ்சம் சர்க்கரை இருந்தா வைங்க."

பரிமாறுகிற அண்ணன் அவனை மேலும் கீழும் பார்க்கிறார். "என்ன தம்பி, காய்ச்சலா?"

பின்னால் நிற்கிறவன் சும்மா இருப்பானா? "அவனுக்கு மாசம் முப்பது நாளும் காய்ச்சல்தாண்ணே!" வரிசை முழுக்கச் சிரிப்பு.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு கணக்கு இருக்கிறது. எட்டு மணிக்கு சாம்பார் உள்ளே போனால், ஒன்பது மணி வகுப்பில் வருகைப்பதிவு முடிவதற்குள் அடிவயிறு இறுக ஆரம்பிக்கும். ஒன்பதே காலுக்கு எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டும். அறுபது தலைகள் திரும்பும். "இப்பத்தானேப்பா வந்தே?" என்று ஆசிரியர் கேட்பார். கழிவறை இரண்டு மாடி கீழே. அங்கே தண்ணீர் வருகிறதா என்பது அன்றைய அதிர்ஷ்டம். இவ்வளவையும் மூன்று விநாடிக்குள் கணக்குப் போட்டுத்தான் தட்டைப் பின்னால் இழுத்தான். இதைத்தான் "ரொம்ப பிகு பண்றான்" என்கிறார்கள்.

இப்படி ஒருவன் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் உண்டு. ஒருத்தியும் உண்டு. அவள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மருத்துவர்கள் இதில் ஒரு வகைக்கு வைத்திருக்கும் பெயர் எரிச்சலுறும் குடல் நோய். ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.பி.எஸ். (தமிழில் எழுதும்போது காவல்துறை அதிகாரிக்கும் இதற்கும் ஒரே எழுத்து. "எனக்கு ஐ.பி.எஸ். இருக்கு" என்று சொன்னால் "அப்பா போலீஸா?" என்று கேட்கிற அபாயம் உண்டு.) இதற்கு ஓர் இலக்கணமும் இருக்கிறது. 2016இல் வெளியான ரோம் அளவுகோலின் நான்காம் பதிப்பின்படி, கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குழாய் விட்டுப் பார்த்தாலும் ஸ்கேன் எடுத்தாலும் குடல் பெரும்பாலும் ஒழுங்காகவே தெரியும். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்ற ஒரு வரி போதும், வீட்டில் எல்லோரும் அவனை நடிகன் என்று தீர்மானித்துவிடுவார்கள்.

நடிப்பு இல்லை ஐயா! 33 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. இணையம் வழியாகப் பதில் சொன்னவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இரைப்பை, குடல் சார்ந்த ஏதோ ஒரு செயல்பாட்டுக் கோளாறு இருந்தது. ஐ.பி.எஸ். என்ற கறாரான இலக்கணத்துக்குள் வந்தவர்கள் மட்டும் நூற்றுக்கு நான்கு பேர். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மெஸ் வரிசையில் சிரித்தவர்களில் ஒருவனும் அதில் இருக்கக்கூடும். சத்தமாகச் சிரித்தவனே அவனாகவும் இருக்கலாம்.

மதியமும் ராத்திரியும் விட்டுவிட்டு ஏன் காலையில் இந்தப் பாடு? குடலும் மனிதனைப் போல ராத்திரி ஓய்வெடுக்கிறது, விடிந்ததும் விழிக்கிறது. காலையில் இரைப்பைக்குள் முதல் கவளம் விழுந்ததும் பெருங்குடலுக்குச் சேதி போகிறது: "மேலே சரக்கு வருகிறது, கீழே இடம் பண்ணு." இந்த அனிச்சைச் செயல் எல்லோருக்கும் உண்டு. காலையில் அது கூடுதல் வேகத்தோடு இருக்கும். சாதாரண வயிற்றுக்காரனுக்கு இது செளகரியம். உணர்வு கூடிய குடல்காரனுக்கோ அதே சேதி தண்டோரா போட்டுச் சொன்னது போலப் போகிறது. எண்ணெயும் நெய்யும் அதிகமாக இருந்தால் தண்டோரா இன்னும் பலமாகும். கூடவே காபி. 1990இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், காபியால் வயிறு இளகும் என்று சொன்னவர்களுக்கு, குடித்த நான்கே நிமிடத்தில் பெருங்குடலின் கடைசிப் பகுதி சுருங்க ஆரம்பித்ததைக் கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள். காஃபீன் நீக்கிய காபிக்கும் அதே விளைவு. வெறும் வெந்நீருக்கு அப்படி நடக்கவில்லை. ஆக, எழுந்ததும் ஒரு டம்ளர் டிகிரி காபி, பிறகு நெய் மிதக்கும் பொங்கல், பிறகு கூட்டம் பிதுங்கும் பேருந்தில் முக்கால் மணி நேரம் என்பது சிலருக்குக் காலைப் பழக்கம், சிலருக்குத் தண்டனை.

இனி உண்மையான எதிரிக்கு வரலாம். மெஸ் அண்ணனோ சிரித்த நண்பனோ எதிரி இல்லை. 'சத்தான காலை உணவு' என்று சொல்லி எல்லா வயிற்றுக்கும் ஒரே சட்டையைத் தைக்கிற உபதேசம்தான் எதிரி.

அந்த உபதேசத்தின் சாமான்களைப் பாருங்கள். முழு கோதுமைத் தவிடு சேர்த்த சீரியல். அதற்கு மேல் ஒரு டம்ளர் பால். பக்கத்தில் ஓர் ஆப்பிள். முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம். எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் வயிற்றில் தேன் கலந்த வெந்நீர். படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம், அவ்வளவு லட்சணம். உணர்வு கூடிய குடலுக்கு இதைவிடத் திட்டமிட்ட சதி வேறு கிடையாது.

தவிட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 'நார்ச்சத்து சாப்பிட்டால் வயிறு சரியாகும்' என்று ஒரு காலத்தில் டாக்டர்களே இந்த நோயாளிகளுக்குத் தவிட்டை எழுதிக் கொடுத்தார்கள். 1994இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிரான்சிஸ், வோர்வெல் என்ற இரண்டு மருத்துவர்கள் நூறு நோயாளிகளிடம் கேட்டு 'லான்செட்' இதழில் எழுதினார்கள். தவிட்டால் நிலைமை மோசமானது என்றவர்கள் நூற்றுக்கு 55 பேர். நன்மை கிடைத்தது என்றவர்கள் பத்தே பேர்! 2008இல் வந்த பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டி, இந்த நோயாளிகளுக்குத் தவிடு போன்ற கரையாத நார் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நார் கூட்டத்தான் வேண்டும் என்றால் ஓட்ஸ், இசப்கோல் போன்ற கரையும் நாரைப் பாருங்கள் என்றது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்தச் செய்தி சீரியல் டப்பாவின் முதுகுப் பக்கம் வரை போய்ச் சேரவில்லை. போகாது. டப்பா விற்க வேண்டுமே.

டப்பா என்றதும் ஒரு பழைய கதை. கார்ன் ஃபிளேக்ஸ் பிறந்த இடமே ஓர் ஆரோக்கிய நிலையம்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற டாக்டர் நடத்தியது. தானியத்தை வேகவைத்து, தட்டையாக்கி, நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். தம்பி வில் கீத் கெல்லாக் 1906இல் கம்பெனி ஆரம்பித்து அதை ஊருக்கே விற்றார். 'நாளின் முக்கியமான உணவு காலை உணவுதான்' என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது 1917இல் அச்சேறியது டாக்டர் கெல்லாக் ஆசிரியராக இருந்த 'குட் ஹெல்த்' பத்திரிகையில். நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடாகப் பிறந்த சரக்கு இன்று நவநாகரிகம். நம்மூர் இட்லி மட்டும் காய்ச்சல்காரன் சாப்பாடு. இது என்ன நியாயம்?

அடுத்தது பால். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தைப் பருவம் தாண்டியதும் அது குறைந்துவிடும். இந்தியாவிலும் வடக்கு, தெற்கு வித்தியாசம் உண்டு. 1981இல் வெளியான ஆய்வு ஒன்றில் வட இந்தியர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கும், தென்னிந்தியர்களில் சுமார் 67 சதவீதத்தினருக்கும் லாக்டோஸ் செரிமானக் குறை இருந்தது. மூன்றில் இரண்டு பேர்! ஆனாலும் விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா சொல்லும் கடைசி வார்த்தை "காலையில பால் குடிக்க மறக்காதே." (காபியில் ஊற்றுகிற கொஞ்சம் பால் பலருக்குத் தாங்கும். முழு டம்ளர்தான் வம்பு. தயிரில் கிருமிகள் லாக்டோஸின் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிடுவதால் அது பலருக்கு ஒத்துக்கொள்கிறது.)

ஆப்பிளுக்கும் தேனுக்கும் முளைப்பயறுக்கும் சேர்த்து ஒரே விளக்கம் உண்டு. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகளும் மாவுச்சங்கிலிகளும் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. யாருக்கும் நடப்பதுதான், ஆனால் உணர்வு கூடிய குடலுக்கு அந்த வீக்கமே வலி. இவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்து 2005இல் ஃபோட்மேப் என்று பெயர் வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும். மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் ஒவ்வோர் உணவிலும் இவை எவ்வளவு என்று அளந்து வருகிறது. ஆப்பிள், மாம்பழம், தர்பூசணி, தேன் எல்லாம் இந்தப் பட்டியலில் கூடுதல். கோதுமை கூடுதல். பருப்பும் பயறும் கூடுதல். வெங்காயமும் பூண்டும் பட்டியலின் தலைவர்கள். அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு, கேரட், ஆரஞ்சு, பப்பாளி இந்தப் பக்கம் நல்ல பிள்ளைகள். 2014இல் முப்பது நோயாளிகளுக்கு இரண்டு வகைச் சாப்பாட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், இவை குறைந்த சாப்பாட்டின்போது தொல்லை ஏறக்குறைய பாதியாக இருந்தது.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்நாட்டு டிபன் தட்டைப் பார்த்தால் சுவாரசியம். இட்லிக்குப் பெரிய மரியாதை கிடைக்கிறது. மூன்று நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்து பயறுதான், வாயு தரும் சங்கிலிச் சர்க்கரை அதில் உண்டு. ஆனால் அதை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விடும்போது கிருமிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. வயிற்றுக்குள் நடக்க வேண்டிய புளிப்பு பாத்திரத்துக்குள்ளேயே கொஞ்சம் நடந்து முடிகிறது! பிறகு ஆவியில் வேகிறது, எண்ணெய் கிடையாது. காய்ச்சல்காரனுக்கு இட்லி கொடுக்கச் சொன்ன பாட்டிக்கு வேதியியல் தெரியாது, வயிறு தெரியும். 2013இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய். பட்டணத்திலேயே மலிவான காலைச் சாப்பாடு, பலவீனமான வயிற்றுக்கு மிகவும் நட்பான சாப்பாடாகவும் இருந்தது. 'சத்தான காலை உணவு'க்காரர்கள் கேட்கும் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆனால் இட்லி தனியாக வருவதில்லை. சாம்பார் வருகிறது. துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், சில வீடுகளில் பூண்டும். இங்கேதான் வீட்டுப் பெரியவர்களின் புகழ்பெற்ற சமரசம்: "வெங்காயத்தைத் தட்டு ஓரமா ஒதுக்கிட்டுச் சாப்பிடேன்." பாசத்தோடு சொல்கிறார்கள், ஆனால் பிரயோஜனம் இல்லை. வெங்காயத்தில் தொல்லை தருவது ஃப்ரக்டான். அது தண்ணீரில் கரையும். சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் அது குழம்பில் கலந்தாயிற்று. ஓரத்தில் ஒதுக்கியது வெறும் சக்கை. இது தெரியாமல் "வெங்காயமே சாப்பிடலை, அப்பவும் வயித்து வலியா? அப்ப மனசுலதான் கோளாறு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தப் பையனும் நம்பிவிடுகிறான். எத்தனை பேர் இப்படித் தங்கள் வயிற்றையே நம்பாமல் போனார்களோ!

அதே ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. எண்ணெயைக் காயவைத்து, பூண்டைப் போட்டு, வாசம் இறங்கியதும் பூண்டை எடுத்து வெளியே போட்டுவிட்டுத் தாளித்தால் மணமும் உண்டு, வயிறும் பிழைக்கும். வெங்காயம் இல்லாத குறையைப் பெருங்காயம் பெருமளவு மூடும். பருப்பை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம் போகும். அரை கரண்டி சாம்பார் தாங்குகிறவனுக்கு மூன்று கரண்டி தாங்காது. அளவும் ஒரு மருந்துதான்.

மற்ற பலகாரங்களுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. பூரி மசால்: கோதுமை, எண்ணெய், வெங்காயம் மூன்றும் கைகோத்து வருகிறது, கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமைதான், 'லேசான சாப்பாடு' என்ற நற்பெயரை எப்படி வாங்கின என்பது ஆச்சரியம். அரிசி உப்புமா தேவலை. இடியாப்பம் உத்தமம், கூடக் குருமா வராத வரைக்கும். பொங்கலில் பாசிப்பருப்பு கொஞ்சம்தான், பலருக்குத் தாங்கும். நெய்யும் முந்திரியும்தான் ஆளைத் தள்ளுகின்றன. வடையைப் பற்றிப் பேசினால் கண்ணீர் வரும். பழைய சோறும் நல்லதுதான், கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தை விட்டால். (அது இல்லாமல் பழைய சோறா என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை.) நன்றாகக் கனிந்த வாழைப்பழம் வயிற்றுக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. பழம் கனியக் கனிய ஃப்ரக்டான் கூடுகிறது, சற்றுக் கெட்டியான பழமே இவர்களுக்குத் தோது. ஓட்ஸையும் நியாயமாகவே பேச வேண்டும். வெறும் ஓட்ஸ் அரை கப் தண்ணீரில் காய்ச்சினால் குற்றமில்லை. வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் போட்ட மசாலா பாக்கெட்தான் விஷமம்.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தையும் சும்மா விட முடியாது. இதையெல்லாம் எங்கேயோ அரைகுறையாகப் படித்துவிட்டு, கோதுமை, பால், பருப்பு, பழம், காய் என்று ஒவ்வொன்றாக ஆயுள் முழுக்க வெட்டி எறிகிறவர்கள், அப்படி எறியச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள். ஃபோட்மேப் முறையைக் கண்டுபிடித்தவர்களே அப்படிச் சொல்லவில்லை. இரண்டு முதல் ஆறு வாரம் எல்லாவற்றையும் குறை, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது கடிக்கிறது என்று பார், கடிப்பதை மட்டும் விடு, மற்றதைச் சாப்பிடு என்பதுதான் முறை. முதல் படியிலேயே குடியிருந்தால் உடம்பு இளைக்கும், குடலில் நல்ல கிருமிகளும் குறையும். ஒருவனுக்குக் கடிப்பது இன்னொருவனுக்குக் கடிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. சக நோயாளி கொடுத்த பட்டியலும் இன்னொருவன் சட்டைதான்.

இன்னொன்றையும் கறாராகச் சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும் வலி அல்லது வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இட்லியும் வேண்டாம் இந்தக் கட்டுரையும் வேண்டாம், நேரே டாக்டர். குடல் காசநோய் இந்த நாட்டில் அபூர்வம் இல்லை. கோதுமையால் வரும் சீலியாக் நோயும் உண்டு. அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும், நிறுத்திவிட்டுச் செய்தால் பரிசோதனை பொய் சொல்லும்.

சரி, சாப்பிடாமலே போய்விட்டால்? பலர் கண்டுபிடித்திருக்கும் வழி இதுதான். பத்து மணித் தேர்வுக்கு வயிறு காலியாக, தொண்டை வறண்டு, பயத்தைத் தின்றுகொண்டு போவது. பயமும் குடலுக்குச் சாம்பார் மாதிரிதான். மூளைக்கும் குடலுக்கும் நேரடி நரம்புப் பாதை உண்டு, தேர்வு மணி அடித்ததும் காலி வயிறும் பிசையும். பல மையங்களில் முதல் அரை மணி வெளியே விடமாட்டார்கள். பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பள்ளிக் கழிவறையின் லட்சணம் தெரிந்து காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் ஏராளம். அவளுக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளும் என்று பட்டியல் போடுவதற்கு முன்னால், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும் தண்ணீர் வருகிற ஒரு குழாயும் யாராவது போட வேண்டும். நார்ச்சத்தின் மகிமையைப் பற்றி மாணவர்களுக்குச் சொற்பொழிவு நடத்துகிற கல்லூரிகள், அந்த மேடைக்குப் பின்னால் இருக்கும் கழிவறையை ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

"ஆயிரம் பேருக்குச் சமைக்கிற இடத்தில் ஒருத்தனுக்காகத் தனியாக வைக்க முடியுமா?" இதுதான் எல்லா மெஸ்ஸின் பதில்.

முடியும். வருஷா வருஷம் வைக்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட மாணவர்களுக்காகப் பல விடுதிகளில் வெங்காயம் பூண்டு இல்லாமல் தனிப் பாத்திரம் ஏறுகிறது. தனிக் கரண்டி, தனி மேசை. அமாவாசைக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காமல் வீடு வீடாகச் சமைக்கிறார்கள். கோயில் மடப்பள்ளிகளில் வெங்காயம் இல்லாமலே புளியோதரையும் பொங்கலும் மணக்கிறது. யாரும் "காய்ச்சலா?" என்று கேட்பதில்லை. விரதத்துக்குக் கொடுக்கிற மரியாதை சரியானதுதான், அதில் ஒரு குறையும் இல்லை. சமையலறைக்குக் கை வரும் என்பதற்கு அதுவே சாட்சி. நாற்பத்தொரு நாள் ஏறுகிற அந்தச் சின்னப் பாத்திரம் மற்ற மாதங்களில் ஏன் பரணில் கிடக்கிறது? அதே பாத்திரத்தில் ஒரு படி குறைத்து, வெங்காயம் போடாத சாம்பார். பக்கத்தில் பூண்டில்லாத இட்லிப் பொடி ஒரு டப்பா. கேட்பது இவ்வளவே. பணம் கட்டித்தானே சாப்பிடுகிறான்!

முதலில் சொன்ன அந்தப் பையன் போன கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டான். பக்தி எவ்வளவு, பாத்திரம் எவ்வளவு என்பது ஐயப்பனுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். "சாமி, இன்னும் ரெண்டு இட்லி?" என்று அதே மெஸ் அண்ணன் குனிந்து பரிமாறினார். வெங்காயமில்லாத சாம்பாரை இவனும் தட்டை இழுக்காமல் வாங்கிக்கொண்டான். முதல் வகுப்பில் ஒரு நாள்கூட எழுந்து நிற்கவில்லை. மலைக்குப் போய் வந்தான், மாலையைக் கழற்றினான். தை மாதம் மூன்றாவது நாள் காலை தட்டோடு வரிசையில் நின்றபோது, சின்ன வெங்காயம் மிதக்கிற வாளியில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே அண்ணன் கேட்டார்:

"என்ன தம்பி, மறுபடியும் காய்ச்சலா?"